சலூன் வாசலில் நின்று வாசிப்பது

சலூன் என்றால் நமக்கு முடிவெட்டுகிற கடை. அமெரிக்காக்காரனுக்கு அது குடிக்கிற கடை. ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு தொழிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் சேரியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு சலூனிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உள்ளே விடுவானா, மாட்டானா? என் சிறுவயதில் எங்க தெரு ஆண்கள் முடிவெட்ட பஸ் ஏறி டவுனுக்குப் போவார்கள். ஊருக்குள் இருந்த சலூனில் அவர்கள் தலைக்குக் கத்தரி கிடையாது. அந்தக் கடையின் பழைய கண்ணாடியையும், சுழலும் மர நாற்காலியையும், சுவரில் ஒட்டிய சினிமா படங்களையும் பற்றி இன்று யாராவது 'மண்மணம்' என்று கட்டுரை எழுதினால் அதை நான் எப்படி வாசிப்பேன்? அமெரிக்கப் பழைய சலூன்களைப் பற்றிய எழுத்துக்களையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய பார்களைத் தேடிப் போவதும், போய்வந்து எழுதுவதும் மேலை நாடுகளில் ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கென்று ஒரு இலக்கணம் உண்டு. கை பட்டுப்பட்டு வழுவழுப்பான மரக் கவுண்ட்டர், பித்தளைக் குழாய், புகை படிந்த கூரை, தனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருக்கிற கிழவர், சிடுசிடுக்கிற முதலாளி. கடைசியில் ஒரு வரி கட்டாயம் வரும்: இங்கே எதுவும் மாறவில்லை. இந்த வகை எழுத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எதுவும் மாறாமல் இருப்பது யாருக்கு நல்ல செய்தி என்பதுதான் என் கேள்வி. உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு நல்ல செய்தி. வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு? நிறுத்தப்பட்டவளுக்கு?

இந்த எழுத்து வகைக்குத் தலைமைக் கோயில் என்று ஒன்றைச் சொல்வதானால் அது நியூயார்க்கில் கிழக்கு 7ஆம் தெருவில் இருக்கிற மெக்சார்லிஸ் ஓல்டு ஏல் ஹவுஸ்தான். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஜான் மெக்சார்லி ஆரம்பித்த கடை. 1854இல் தொடங்கியதாகக் கடை சொல்கிறது. நகர ஆவணங்களைப் புரட்டியவர்கள் 1861 வரைக்கும் அந்த மனை காலியாகக் கிடந்தது என்கிறார்கள். எப்படியானாலும் நூற்றைம்பது வருசத்துக்கு மேல் ஆன கடை. ஜான் ஸ்லோன் என்ற ஓவியர் 1912இல் இதை வரைந்தார். கவிஞர் இ.இ. கம்மிங்ஸ் கவிதை எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜோசப் மிட்செல் 1940இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையும், அதைச் சேர்த்து 1943இல் வந்த 'மெக்சார்லிஸ் ஒண்டர்ஃபுல் சலூன்' என்ற புத்தகமும்தான் இந்தக் கடையை இலக்கியமாக்கின.

ஒரு கருத்தரங்குக்காக அந்த ஊருக்குப் போயிருந்தபோது, அங்கே வேலை பார்க்கிற நம்ம தோழர் ஒருவர் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையெல்லாம் மரத்தூள். சுவர் தெரியாத அளவுக்குச் சட்டம் போட்ட படங்கள், செய்தித்தாள் துண்டுகள். "அக்கா, இங்க ரெண்டே சரக்குதான். லைட்டு, டார்க்கு. வேற எதுவும் கேக்க முடியாது" என்றார். ஒன்று கேட்டால் இரண்டு சின்னக் குவளையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்தக் கடையின் வழக்கம் அது. இரட்டைக் குவளை! நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவர்களுக்கு அது வழக்கம். நமக்கு அந்தச் சொல்லே ஒரு வழக்கு. கடை அழகாகத்தான் இருந்தது, அதை மறுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் 1970 ஆகஸ்ட் 10க்கு முன்னால் ஒரு பெண் வாடிக்கையாளராக உட்கார்ந்திருக்க முடியாது.

நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்களுக்கு இடமில்லை: இதுதான் அந்தக் கடையின் பழைய முழக்கம். மிட்செல் இதை மறைக்கவில்லை. அவர் மேட்டிமைத்தனமான எழுத்தாளரும் இல்லை. கிழவர்கள், நாடோடிகள், மீன் சந்தை ஆட்கள் என்று நியூயார்க்கின் விளிம்பு மனிதர்களை உண்மையான பரிவோடு எழுதியவர். அதனால்தான் அவரை விமர்சிக்க வேண்டியிருக்கிறது. மோசமான பிரதியைப் போட்டு உடைப்பது சுலபம். நல்ல பிரதி எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை.

மிட்செல் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறார். ஒருத்தி ஆண் வேடமிட்டு, தொப்பி வைத்து, சுருட்டோடு உள்ளே வந்து ஏல் வாங்கிக் குடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கூந்தலை உதறிக் காட்டி, சமத்துவம் பேசிவிட்டு ஓடுகிறாள். மிட்செல் பிரதியில் இது ஒரு வேடிக்கைக் கதை. முதலாளி திகைத்து நிற்பதுதான் அங்கே நகைச்சுவை. அவள் எந்தத் தெருவிலிருந்து வந்தாள், திரும்பிப் போய் என்ன ஆனாள் என்று கதைக்கு அக்கறையில்லை. இன்னொருத்தி சலூன் சலூனாக ஏறி இறங்கி மடியில் வேர்க்கடலை வைத்து விற்ற கிழவி. பழைய ஜான் அவளைச் சகித்துக்கொண்டாராம், வெயில் காலத்தில் ஏலும் விற்றாராம். அவளும் ஒரு சின்னக் கொடி தைத்துக் கொடுத்தாளாம், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாராம். மிட்செல் இதை ஜானின் ஈரமாக எழுதுகிறார். நமக்கு இந்தக் காட்சி புதுசில்லை. கூடை சுமந்து வருகிறவளாக இருந்தால் கொல்லைப்புறம் வரைக்கும் வரலாம். வியாபாரிக்கும் வேலைக்காரிக்கும் திறக்கிற கதவு சமமானவளுக்குத் திறக்காது. அந்தச் சகிப்பைக் கருணை என்று எழுதுகிற பேனா உள்ளே உட்கார்ந்திருக்கிற பேனா.

மூன்றாவதாக ஒரு பெண் உண்டு. அவள் கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. 1936இல் கடையை டேனியல் ஓ'கானல் என்ற போலீஸ்காரர் வாங்கினார். 1939இல் அவர் இறந்ததும் கடை அவர் மகள் டோரதி கிர்வனுக்கு வந்தது. பெண்களை அனுமதிப்பதில்லை என்ற வழக்கத்தை மாற்றமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்த அவர், முப்பது வருசத்துக்கு மேல் அந்தக் கடையின் சொந்தக்காரராக இருந்தும் வியாபார நேரத்தில் உள்ளே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது மட்டும் போவார். இதையும் கடையின் பெருமைக் கதையாகவே சொல்லிவருகிறார்கள். பத்திரம் அவர் பேரில், படி ஆண்கள் பேரில். சொத்து வந்தால் விலக்கு தானாகப் போய்விடும் என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் டோரதியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ஒதுக்கப்படுகிறவர் கையாலேயே ஒதுக்கலை நடத்திக்கொள்ள மரபு என்கிற சொல்லுக்குத் தெரியும்.

1969 ஜனவரியில் ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ என்ற இரண்டு பெண்கள் உள்ளே போய்க் கேட்டார்கள். மறுத்தார்கள். வழக்குப் போட்டார்கள். 1970 ஜூன் 25இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்தக் கடை அரசு தரும் உரிமத்தில் நடக்கிறது, அரசின் கட்டுப்பாட்டில் இயங்குகிறது, எனவே இந்த ஒதுக்கலில் அரசின் கையும் இருக்கிறது, அது 14ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு எதிரானது என்பதுதான் அதன் சாரம். அதே ஆகஸ்ட் 10இல் மேயர் ஜான் லிண்ட்சே பொது இடங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் நகரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றைக்கு உள்ளே போன லூசி கோமிசார் என்ற பெண்ணியவாதியின் தலையில் பீரை ஊற்றினார்கள். பெண்களுக்குக் கழிப்பறை வந்தது 1986இல். கதவைத் திறக்க ஒரு நாள், கழிப்பறைக்குப் பதினாறு வருசம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சாவி யாருடையது என்பதை. 14ஆவது திருத்தம் அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1868இல் வந்தது. கறுப்பர்களின் போராட்டம் செய்த சாவியை வைத்து வெள்ளைப் பெண்கள் ஒரு சலூனைத் திறந்தார்கள். நம் அரசியல் சட்டத்தின் 14ஆவது உறுப்பில் உள்ள 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற சொற்றொடரும் அங்கிருந்து வந்ததுதான். 15(2) உறுப்பு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. பெயர் சொன்னால்தான் நடக்கும் என்பது இந்த நாட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மெக்சார்லிஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேற்கு 10ஆம் தெருவில் ஜூலியஸ் என்று இன்னொரு பழைய பார். 1966 ஏப்ரல் 21இல் ஒருபாலீர்ப்பாளர் அமைப்பான மாட்டசின் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் கோட்டு சூட்டோடு அங்கே போய், தாங்கள் யார் என்பதைச் சொல்லிக் குடிக்கக் கேட்டார்கள். ஊற்றித் தருகிறவர் கண்ணாடிக் குவளையின் வாயைத் தன் கையால் மூடினார். ஃபிரெட் மெக்டாரா எடுத்த படத்தில் அந்தக் கை இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கடை 2016இல் தேசியப் பதிவேட்டிலும் 2022இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும் சேர்ந்தது. மறுப்பு நடந்த இடம், மறுப்பு நடந்தது என்பதற்காகவே நினைவுச் சின்னமாகியிருக்கிறது. பழைய கடையைப் போற்றுவது என்றால் இப்படியும் போற்றலாம்.

இனி கறுப்பர்கள் பக்கம் வருவோம். பழைய பார்களுக்கு வழிகாட்டும் புத்தகங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு எதிரான ஒரு வழிகாட்டியும் இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய 'நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்' அது. கறுப்பர்கள் அவமானப்படாமல் தங்க, சாப்பிட, குடிக்க, முடிவெட்டிக்கொள்ள எந்த ஊரில் எந்தக் கடை என்ற பட்டியல். முப்பது வருசம் வந்தது. அதில் வர்ணனை குறைவு. பித்தளைக் குழாயும் இல்லை, கிழவரும் இல்லை. கடைப் பெயர், தெருப் பெயர், அவ்வளவுதான். இலக்கியக்காரர்கள் அதை இலக்கியம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை குட்டியோடு தெரியாத ஊரில் நிற்கிறவனுக்கு ஒரு முகவரியைவிடப் பெரிய வாக்கியம் எது? அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை இதே நியூயார்க்கில் கொலம்பியாவில் படித்தார். வெளிநாட்டில் இருந்த வருசங்களில் தீண்டாமை தன் நினைவிலிருந்தே அழிந்துபோயிருந்ததாகப் பிறகு எழுதினார். திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேரப் போனவருக்குத் தங்க இடமில்லை. சாதி தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். அவர் கையில் அப்படியொரு புத்தகம் இருந்ததில்லை. நமக்காக எவரும் போடவில்லை.

மிட்செலுக்கு அய்ந்து வருசம் முன்னால், 1935இல், ஜோரா நீல் ஹர்ஸ்டன் 'மியூல்ஸ் அண்ட் மென்' வெளியிட்டார். ஃபிளோரிடாவில் போல்க் கவுண்டி மரம் அறுக்கும் முகாமில் கறுப்பினக் கூலிகளோடு தங்கிக் கதை சேகரித்த புத்தகம். அங்கே சலூன் இல்லை, 'ஜூக்' இருக்கிறது: குடி, சூது, ஆட்டம், பாட்டு எல்லாம் ஒரே கூடத்தில். ஹர்ஸ்டன் தானும் கறுப்பினப் பெண், ஆனால் காரில் வந்தவர், பன்னிரண்டு டாலர் எழுபத்துநாலு சென்ட் உடுப்புப் போட்டவர். உளவு பார்க்க வந்தவளோ என்று முகாம் ஒதுங்குகிறது. கள்ளச் சாராய வழக்கில் தப்பி வந்தவள் என்று பொய் சொன்ன பிறகே சேர்த்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் அவரே எழுதுகிறார். எழுதுகிறவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பது பிரதிக்குள்ளேயே இருக்கிறது. மிட்செலுக்கு இது தேவைப்படவில்லை. அவரை வாசலில் யாரும் நிறுத்தவில்லையே.

ஹர்ஸ்டனின் ஜூக்கில் பெண்கள் நடுவில் இருக்கிறார்கள். பிக் ஸ்வீட் என்ற பெண் முகாமின் வெள்ளைக் கங்காணியையே எதிர்த்து நிற்கிறாள். கத்தியும் உண்டு. அந்தக் கத்திக்குப் பயந்து கடைசியில் ஹர்ஸ்டன் ஊரைவிட்டே ஓடுகிறார். அழகு, பாட்டு, ரத்தம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. 1934இல் எழுதிய ஒரு கட்டுரையில், இசையைப் பொறுத்தவரை அமெரிக்காவிலேயே முக்கியமான இடம் ஜூக்தான் என்று அவர் வாதாடினார். ஹர்ஸ்டன் எழுத்து வெள்ளையர்களை மகிழ்விக்கிறது என்று ரிச்சர்ட் ரைட் 1937இல் அவரது நாவலைச் சாடியதும் நினைவுக்கு வருகிறது. நம்ம எழுத்தாளர்களிடமும் இதே சண்டை உண்டே. 'நம்ம ஆளுங்க குடிக்கறத, அடிச்சிக்கறத எழுதி எதுக்கு ஊரானுக்குக் காட்டணும்?' ரைட்டின் பயம் நியாயமானது. ஆனால் நாம் எழுதாவிட்டால் அவன் எழுதுவான். அவன் எழுத்தில் நாம் கடலை விற்கிற கிழவியாகத்தான் வருவோம்.

நியூ ஆர்லியன்ஸில் டியூ டிராப் இன் என்று ஒரு கடை. 1939இல் ஃபிராங்க் பெய்னியா என்ற கறுப்பினத்தவர் தொடங்கியது. அவர் முதலில் முடிதிருத்துநர். நம்ம சலூனும் அவங்க சலூனும் அங்கே ஒரே கூரைக்குக் கீழே வந்தன: முடிவெட்டும் கடை, பார், சாப்பாடு, விடுதி, நடன அரங்கு. லிட்டில் ரிச்சர்ட் பாடிய மேடை அது. பெண் வேடத்தில் பாட்சி விடாலியா நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கினார். வெள்ளையர்களும் கேட்க வந்தார்கள். அதற்காகவே 1952இல் போலீஸ் உள்ளே புகுந்து, இனம் கலந்து உட்கார்ந்த குற்றத்துக்காகப் பெய்னியாவையும் வெள்ளை நடிகர் சக்கரி ஸ்காட்டையும் கைது செய்தது. ஒதுக்கிவைத்தவர்கள் போட்ட சட்டம், ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்ததைக் குற்றமாக்கியது. பெய்னியா அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. வேறு கதவுகள் திறந்ததும் கறுப்பின வாடிக்கையாளர்கள் அங்கேயும் போனார்கள், இந்தக் கடை நொடித்தது. 1972இல் பெய்னியா இறந்தார். 2005 புயல் கட்டடத்தைச் சிதைத்தது. 2024இல்தான் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அந்த யோகம் இல்லை. மிசிசிப்பியில் மெரிகோல்டு பக்கத்தில், பருத்தி வயலுக்கு நடுவே போ மங்கீஸ் என்ற ஜூக்கை வில்லி சீபெரி 1960களிலிருந்து நடத்திவந்தார். பகலில் பண்ணை வேலை, இரவில் கடை. நிலம் பண்ணைக்காரருடையது. புகைப்படக்காரர்கள் வந்தார்கள், 2009இல் மாநிலமே வாசலில் பெயர்ப்பலகை நட்டது. 2016இல் சீபெரி இறந்தார், கடை மூடியது. 2018இல் உள்ளே இருந்த பொருட்கள் ஏலம் போயின. மெக்சார்லிஸில் விளக்குக் கம்பியில் தொங்கிய வான்கோழி எலும்பின் தூசியைக்கூட வருசக்கணக்கில் தட்டாமல் காப்பாற்றினார்கள். இங்கே ஒரு மனிதனின் ஆயுளோடு கடையின் ஆயுளும் முடிந்தது. கட்டடத்துக்குப் பத்திரம் வைத்திருப்பவனின் தூசி பாரம்பரியமாகிறது. பத்திரமில்லாதவனின் பாட்டுக்குப் பலகைதான் மிஞ்சுகிறது.

நமக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கள்ளுக்கடை இல்லாமல் போகப் போக அதைப் பற்றிய ஏக்க எழுத்து பெருகுகிறது: பனங்காற்று, மண் கலயம், மீன் வறுவல், ஊரே கூடிய இடம் என்று. ஊரே என்றால் எந்த ஊர்? என் தாத்தா சொன்ன கள்ளுக்கடையில் நம்ம ஆட்களுக்கு வேலிக்கு வெளியே இடம். கலயம் தனி, சில நாள் கொட்டாங்குச்சி. ஊற்றுகிறவன் கை எட்ட இருந்து ஊற்றுவான். அம்மா சொல்கிற சாராயக் கடை வேறு. சனிக்கிழமை கூலி நாளில் அதன் வாசலில் பொம்பளைகள் நிற்பார்கள், கூலி மொத்தமும் உள்ளே போவதற்குள் பாதியையாவது பிடுங்க. உள்ளே இருந்த சிரிப்பை எழுத ஆள் இருக்கிறது. வெளியே நின்றவளின் கால்வலியை எழுதிய ஏக்கக் கட்டுரை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. குடியைப் புனிதமாக்கவும் எனக்கு வேலையில்லை, நம்ம சனங்களைக் குடிகாரர்கள் என்று திட்டுகிறவர்களோடு சேரவும் வேலையில்லை. கடையை எழுதுகிறவர்கள் வாசலையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன்.

டீக்கடைகளில் தனிக் குவளை இன்னும் முழுசாக ஒழியவில்லை. ஒழிந்த ஊர்களிலோ அது இருந்ததே இல்லை என்று சொல்லப் பழகிவிட்டார்கள். எனவே வாசகத் தோழர்கள் தங்கள் ஊரில் இருக்கிற பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தக் கடை, எந்தத் தெரு, கள்ளா, டீயா, முடிவெட்டா, எந்த வருசம் வரைக்கும் தனிக் குவளையோ தனி வாசலோ இருந்தது, யார் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தது, அன்றைக்கு என்ன நடந்தது. வர்ணனை வேண்டாம். முகவரியும் வருசமும் போதும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், அவர்கள் வாசலை அதிகம் பார்த்தவர்கள். எழுதி அனுப்பினால் ஊர் வாரியாகத் தொகுக்கலாம். அந்தத் தபால்காரர் தன் மக்களுக்காகத் தொடங்கியதும் ஒரு பட்டியல்தான்.